ஒரே நோயின் பின்னால் வாழ்நாள் முழுக்க ஓடியும் மருந்து வரவில்லை என்றால், அந்த விஞ்ஞானியின் உழைப்பு வீண்தானே?

நான் மரபணு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். தினமும் பார்க்கிற ஒன்றிலிருந்தே சொல்கிறேன்.

தரையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து வயதுப் பையனை எழுந்திருக்கச் சொல்வோம். குப்புறத் திரும்பி, கையை ஊன்றி, அப்புறம் முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல எழுவான். கெண்டைக்கால் மட்டும் கொழுகொழுவென்று இருக்கும். "கால் நல்லா பலமாத்தானே இருக்கு" என்பார் அம்மா. டுஷேன் தசைச் சிதைவு நோய் பெரும்பாலும் இப்படித்தான் எங்களிடம் வருகிறது.

இந்த நோயின் பின்னால் ஓடியவர்களில் எனக்குப் பிடித்தவர் இங்கிலாந்தின் கே டேவிஸ். 1980களின் தொடக்கத்தில், கோளாறு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது என்பது தெரியும். எந்த மரபணு என்பது தெரியாது. அவரும் லண்டன் சகாக்களும் அது இருக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் அடையாளக் குறிகளைக் கண்டுபிடித்தார்கள். ஊர் எங்கே என்று தெரியாமலேயே இரண்டு பக்கமும் மைல்கல் நட்ட மாதிரி. ஒரு குடும்பத்தில் அந்தக் குறிகள் யாரிடமிருந்து யாருக்குப் போகின்றன என்று பார்த்தால், நோயைக் கடத்தக்கூடிய பெண் யார் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. மரபணு கைக்கு வருவதற்கு முன்பே!

ஆனால் மரபணுவை முதலில் பிடித்தது பாஸ்டனில் லூயிஸ் குன்கெலின் குழு, 1986இல். மறுவருடம் அது உருவாக்கும் புரதத்துக்கு டிஸ்ட்ரோஃபின் என்று பெயர் வைத்தார்கள். தசைச் செல்லின் சவ்வு கிழியாமல் காப்பது அதுதான். பந்தயம் முடிந்தது என்று டேவிஸ் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. 1989இல் அவருடைய குழு ஆறாவது குரோமோசோமில் டிஸ்ட்ரோஃபினின் உடன்பிறப்பு மாதிரி ஒன்றைக் கண்டது: யூட்ரோஃபின். கருவில் இருக்கும்போது தசைக்கு முட்டுக் கொடுப்பது இதுதான், பிறகு ஒதுங்கிவிடுகிறது. இதை மறுபடி கூட்டினால் என்ன? 1996இல் சுண்டெலிகளில் கூட்டிப் பார்த்தார்கள், தசை தேறியது. நோயாளிகளிடம் எஸுட்ரோமிட் என்ற மருந்தோடு முயன்றபோது முதல் 24 வாரம் நம்பிக்கை தந்தது. 48 வாரத்தில் பலன் இல்லை, 2018இல் நிறுத்தினார்கள். எலிக்குக் கேட்டது மனிதனுக்குக் கேட்கவில்லை. எனக்கே அன்று மனசு விட்டுப்போனது, அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

சரி, வீணா? மேலே சொன்ன பையனின் அம்மா முதலில் கேட்டது மருந்தைப் பற்றி. இரண்டாவது கேள்வி, "என் தங்கச்சிக்கும் இது இருக்குமா?" இப்போது குறிகளைத் தேட வேண்டியதில்லை, அந்த மரபணுவில் புரதத்துக்கான குறிப்பு இருக்கும் 79 துண்டுகளில் (எக்ஸான்கள்) எது விடுபட்டிருக்கிறது என்று நேராகவே பார்த்துவிடலாம். பையனுக்கு விடுபட்டிருந்த அதே இடத்தைத் தங்கையிடமும் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது.

அந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆறு மாசமா மாப்பிள்ளை வீட்டுக்குப் பதில் சொல்லாம வெச்சிருக்கோம் சார். இன்னைக்கே சொல்லிடறேன்" என்றார்.