மறுப்பும் அதன் பின்னணிக் குரல்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் இசைக்குழுவான 10சிசி-யின் ‘ஐ ஆம் நாட் இன் லவ்’ பாடலை மிகச் சிறந்த காதல் பாடல்களுள் ஒன்று என எழுதியிருந்தீர்கள். கேட்டுப் பார்த்தேன். காதலிக்கவில்லை என்று ஒருவர் ஆறு நிமிடம் சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் ஏதோ எந்திரம் ஓயாமல் முழங்குகிறது. உணர்ச்சியைச் சொல்ல ஒரு குரலும் ஒரு பியானோவும் போதாதா? இவ்வளவு ஸ்டுடியோ வேலைப்பாடு எதற்கு?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் எந்திரம் என்று எண்ணியது மனிதக் குரல்தான். இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில் இருந்த ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில், குழுவின் உறுப்பினர்களான கிரஹாம் கோல்ட்மன், கெவின் காட்லி, லால் கிரீம் ஆகிய மூவரும் ஒரே சுரத்தை ‘ஆ’ என்று நீட்டிப் பதினாறு முறை பாடிப் பதிவு செய்தார்கள். ஒரு சுரத்துக்கு 48 குரல்கள். இப்படியே ஒவ்வொரு சுரமாகப் பாடி முடிக்க ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆயின. பின்னர் ஒவ்வொரு சுரத்தையும் வளையமாக ஒட்டிய ஒலிநாடாவில் ஓயாது சுழலவிட்டு, ஒலிகளைக் கலக்கும் மேசையில் ஒவ்வொரு சுரத்தின் ஒலியளவையும் கட்டுப்படுத்தும் விசைகளை ஏற்றியும் இறக்கியும், ஓர் இசைக்கருவியை வாசிப்பதைப் போலவே அந்தக் குரல்களை வாசித்தார்கள். எந்த விசையும் முழுமையாக மூடப்படாததால் எல்லாச் சுரங்களும் எப்போதும் மெலிதாகக் கசிந்துகொண்டே இருந்தன. உங்களை உறுத்திய முழக்கம் அதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் குரல்கள் மூச்சு வாங்குவதில்லை. மனிதத்தன்மையும் மனிதருக்கு இயலாத நீட்சியும் ஒன்றாகக் கலந்திருப்பதே அவற்றின் தனித்தன்மை.

இதன் தேவை பாடலின் வரிகளிலேயே இருக்கிறது. தனக்குக் காதல் இல்லை என்று சொல்பவர், அவளுடைய படத்தைச் சுவரில் மாட்டியிருப்பது அங்குள்ள கறையை மறைக்க மட்டுமே என்கிறார். இதை நண்பர்களிடம் சொல்லிவிடாதே என்றும் கேட்டுக்கொள்கிறார். காதலில் ஆழ விழுந்த ஒருவரைத் தவிர வேறு யார் இப்படிச் சாக்குச் சொல்வார்கள்? நீங்கள் விரும்பும்படி ஒரு குரலும் பியானோவும் மட்டும் இருந்திருந்தால் அந்தச் சாக்குகளே நம் காதில் விழுந்திருக்கும், சாமர்த்தியமான ஒரு வேடிக்கைப் பாடலாக அது நின்றுபோயிருக்கும். அவர் சொல்ல மறுப்பதை அவருக்குப் பின்னால் நிற்கும் குரல்கள் இடைவிடாது சொல்லிக்கொண்டிருக்கின்றன.

இந்தப் பாடல் முதலில் இவ்வடிவில் இருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இதைப் பாடியவரும் குழுவின் நான்காவது உறுப்பினருமான எரிக் ஸ்டூவர்ட்டும் கோல்ட்மனும் எழுதிய இப்பாடலைக் குழுவினர் முதலில் போசா நோவா என்னும் பிரேசில் நாட்டுத் தாளத்தில் பதிவு செய்தனர். காட்லிக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. பாடல் கைவிடப்பட்டு ஒலிநாடாவும் அழிக்கப்பட்டது. ஆனால் ஸ்டுடியோ ஊழியர்கள் அந்த மெட்டைத் தொடர்ந்து முணுமுணுப்பதைக் கேட்ட ஸ்டூவர்ட் அதை மறுபடியும் எடுத்து வந்தபோது, கருவிகளை விலக்கிவிட்டுக் குரல்களாலேயே செய்து பார்க்கலாம் என்று சொன்னவர் அதே காட்லி. மெட்டு மாறவில்லை, வரிகளும் மாறவில்லை. பின்னணி மாறியதும் பாடல் உயிர் பெற்றது. 1975 ஜூன் இறுதியில் பிரிட்டனில் முதலிடத்தை அடைந்தது, அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை சென்றது.

உங்கள் கேள்வியில் எனக்கு உடன்பாடான பகுதியும் உண்டு. பின்னாளில் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிடைக்கும் குரல் திரளைக் கொண்டு எத்தனையோ காதல் பாடல்கள் நிரப்பப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. இங்கே அது நிரப்புப் பொருள் அன்று.

இன்னொரு முறை கேட்பதானால், நல்ல ஹெட்ஃபோனில், பாடல் தொடங்கிப் பாதி தூரம் போனதும் பாடகர் ஓய்ந்து ஒரு பெண்குரல் கிசுகிசுக்கும் இடத்தைக் கவனியுங்கள். வளர்ந்த பையன்கள் அழுவதில்லை என்று அங்கே ஆறுதல் சொல்பவர் தேர்ந்த பாடகி அல்லர், அந்த ஸ்டுடியோவின் அலுவலகத்தில் பணிபுரிந்தவர். அதுவரை பாடகர் ஒருமுறைகூட அழவில்லை. அழுகிறார் என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.