நட்சத்திரம் ஊசிமுனையாக விழ: கேள்வி பதில்

கேள்வி: சார், லென்ஸில் வெகுதூரத்துக்கான முடிவிலிக் குறிக்கு (∞) நேராக ஃபோகஸ் வளையத்தை வைத்துத்தான் எடுத்தேன். ஆனாலும் நட்சத்திரமெல்லாம் பஞ்சு பஞ்சாக வந்திருக்கிறது. ஏன்?

பதில்: அந்தக் குறியை நம்ப வேண்டாம், தம்பி. ஆட்டோஃபோகஸ் லென்ஸ் பலவற்றில் வளையம் முடிவிலியைத் தாண்டியும் கொஞ்சம் திரும்பும். சூட்டிலும் குளிரிலும் லென்ஸ் விரிந்து சுருங்கும் என்பதற்காக விட்டுவைத்த இடம் அது. மேனுவலுக்கு மாற்றி, ட்ரைபாடில் கேமராவை நிறுத்தி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். மார்கழியில் சிரியஸ், சித்திரையில் சுவாதி. அபெர்ச்சரை (ஒளி புகும் துளை) முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன்) ஏற்றி, லைவ் வியூவில் (கேமராத் திரையில் நேரடியாகத் தெரியும் காட்சி) 10 மடங்கு பெரிதாக்குங்கள். வளையத்தை மயிரிழை அளவு திருப்பித் திருப்பிப் பார்த்தால் புள்ளி சுருங்கிக்கொண்டே போய், மறுபடி விரியும். அது விரிவதைப் பார்த்த பிறகுதான் வளையத்தைப் பின்னால் திருப்ப வேண்டும். இல்லையென்றால் மிகச் சிறிய புள்ளி எதுவென்று தெரியாது. நான் கடைசியில் பெரிய நட்சத்திரத்தை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருக்கும் மங்கலானவற்றைப் பார்ப்பேன். ஃபோகஸ் சரியாக உட்காரும்போதுதான் அவை திரையில் தலைகாட்டும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணம் எனக்கு அலுத்ததில்லை.

கேள்வி: ஃபோகஸ் பார்க்க உதவும், கீற்றுகள் வெட்டிய மூடியான பாஹ்தினோவ் மாஸ்க் வாங்கலாமா?

பதில்: லென்ஸின் குவியத்தூரம் 135 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் தாராளமாக வாங்குங்கள். ரஷ்ய வானியல் ஆர்வலர் பாவெல் பாஹ்தினோவ் 2005-இல் உருவாக்கியது. லென்ஸின் முன்னால் மாட்டினால் நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு பெருக்கல் குறியும் நடுவே ஒரு கோடும் தெரியும். கோடு சரிபாதியில் வந்தால் ஃபோகஸ் முடிந்தது. அப்புறம் மாஸ்க்கைக் கழற்ற மறக்காதீர்கள். 14 மி.மீ. லென்ஸில் இந்தக் கோடுகள் மிகச் சிறிதாக இருக்கும்; பணம் வீண்.

கேள்வி: இரவு 9 மணிக்குத் துல்லியமாக இருந்த படம் 1 மணிக்கு மங்கிவிடுகிறதே, அண்ணா?

பதில்: முதலில் டார்ச் அடித்து லென்ஸின் முகப்பைப் பாருங்கள். பனி படிந்திருந்தால் துணியால் துடைத்துப் பயனில்லை, மீண்டும் படியும். லென்ஸைச் சுற்றிக் கட்டும் சூட்டுப் பட்டைதான் தீர்வு. கண்ணாடி சுத்தமாக இருந்தால், குளிரில் லென்ஸ் சுருங்கி ஃபோகஸ் நகர்ந்திருக்கிறது. வளையத்தை டேப் ஒட்டி வைத்திருந்தாலும் இது நடக்கும். மணிக்கு ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: நடுவில் புள்ளி, ஓரத்தில் மட்டும் நட்சத்திரங்கள் சிறகு விரித்த மாதிரி. இதுவும் ஃபோகஸ் கோளாறா?

பதில்: இல்லை, பெரும்பாலும் அது லென்ஸின் கோமா குறைபாடு, அதாவது ஓரத்து ஒளிப்புள்ளியை வால் போல இழுத்துவிடும் குறை. அபெர்ச்சரை எஃப் 1.8-இலிருந்து 2.8-க்குச் சுருக்கிப் பாருங்கள், நன்றாகக் குறையும்.