பேட் ரிலிஜன் குழுவின் இசை யாரிடமிருந்து வந்தது? அவர்களுடைய பாடல்கள் எல்லாம் ஒன்றுபோலவே ஒலிப்பது ஏன்?

அமெரிக்கப் பங்க் இசையின், அதாவது வேகமும் முரட்டு ஓசையும் கொண்ட எளிய ராக் இசையின், முன்னோடியான ராமோன்ஸ் குழுவைப் பின்பற்றி வந்த எத்தனையோ குழுக்களில் பேட் ரிலிஜனும் ஒன்றுதானா, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்பப் பாடுகிறார்களா என்பது கேள்வி. கல்லூரி விடுதியில் நண்பன் ஒருவனுடைய கணினியில் அவர்களுடைய 'சஃபர்' ஆல்பத்தை முதன்முதலாகக் கேட்டபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். பதினைந்து பாடல்கள் இருபத்தாறு நிமிடங்களில் ஓடி முடிந்தன. ஒன்று எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே பிடிபடவில்லை. ஆனால் அன்று இரவு படுத்த பிறகு, சொற்கள் ஒன்றும் நினைவில் இல்லாத நிலையிலும், நான்கைந்து மெட்டுகள் தனித்தனியாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்தன. இரைச்சலென்று எண்ணிய ஒன்றிலிருந்து மெட்டு மட்டும் எப்படிப் பிரிந்து வந்து தங்கியது என்ற வியப்பில்தான் இந்தக் குழுவின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகத்தை அவர்கள் பங்க் இசையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். மெட்டை அந்தக் காலத்துப் பங்க் ரசிகர்கள் அடியோடு வெறுத்த இசையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு எட்டு ஆண்டுகளும் ஒரு பெரிய தோல்வியும் தேவைப்பட்டன.

குழு 1980இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், ஒரே உயர்நிலைப் பள்ளியைச் சுற்றிப் பழகிய பையன்களால் தொடங்கப்பட்டது. பாடகர் கிரெக் கிராஃபினுக்கு அப்போது பதினைந்து வயது. கிதார் வாசித்த பிரெட் குரெவிட்ஸ் அவரைவிட இரண்டு வயது மூத்தவர். பேஸ் கிதாருக்கு ஜே பென்ட்லி, டிரம்ஸுக்கு ஜே ஜிஸ்கிரௌட். கிராஃபினின் தாயார் குடியிருந்த வீட்டின் கார் கொட்டகைதான் ஒத்திகைக் கூடம். அதற்கு 'நரகக் குழி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பதிவு நிறுவனங்கள் எவையும் தங்களைத் தேடி வரப்போவதில்லை என்று தெரிந்ததால், எபிடாஃப் என்ற பெயரில் தாங்களே ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, 1981இல் ஆறு பாடல்கள் கொண்ட சிறு தட்டு ஒன்றை வெளியிட்டார்கள். குரெவிட்ஸ் தம் தந்தையிடம் வாங்கிய கடனும் அந்தத் தொடக்க முதலீட்டில் இருந்தது. முதல் முழு ஆல்பம் 1982இல் வந்தது.

அந்த நாளைய தென் கலிஃபோர்னியப் பங்க் இசை எப்படி இருந்தது என்பதைத் தெரிந்துகொள்ள சர்க்கிள் ஜெர்க்ஸ் குழுவின் முதல் ஆல்பத்தைக் கேட்டாலே போதும்: பதினான்கு பாடல்கள், பதினைந்து நிமிடங்கள். பிளாக் ஃபிளாக், ஜெர்ம்ஸ் ஆகிய குழுக்களின் முரட்டு ஓசையும் அந்தப் பையன்களை ஆட்கொண்டிருந்தது. ஆயினும் அவர்கள் கூடுதலாக உன்னிப்பாகக் கேட்டது ஆரஞ்சு கவுண்டியைச் சேர்ந்த அடலசென்ட்ஸ் குழுவைத்தான். வேகமான பாட்டின் நடுவே இரண்டு மூன்று குரல்கள் சுரம் பிரிந்து சேர்ந்து பாடலாம், அதனால் பாட்டின் வீரியம் குறையாது என்பதை அடலசென்ட்ஸ் நடத்திக் காட்டியிருந்தார்கள். தங்கள் மேல் விழுந்த பெரிய தாக்கங்களில் ஒன்று அது என்று பென்ட்லியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராமோன்ஸ் எல்லாருக்கும் பொதுவான பாட்டன். நெருங்கிய உறவு என்று சொன்னால் அது அடலசென்ட்ஸ் குழுவோடுதான்.

இதற்கும் முந்திய அடுக்கு ஒன்று உண்டு. கிராஃபின் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்து, பள்ளிக்கூடப் பாடகர் குழுவில் சேர்ந்திசை பாடிப் பழகிய சிறுவன். பெற்றோர் பிரிந்த பிறகு, 1976இல் தாயாருடன் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தார். அவர் நெஞ்சில் அப்போது இருந்த நாயகன் டாட் ரண்ட்கிரன்: பியானோவில் அமர்ந்து, அடுக்கடுக்கான குரல்களோடு மெட்டுகளைக் கட்டும் பாடகர், இசையமைப்பாளர். குரெவிட்ஸும் கிராஃபினும் எமர்சன் லேக் அண்ட் பாமர், யெஸ், ஜெத்ரோ டல் போன்ற புரோகிரெசிவ் ராக் குழுக்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். இருபது நிமிடப் பாடல்களையும், மேடை நிறைய விசைப்பலகைகளையும், வித்தைகாட்டும் வாசிப்பையும் கண்டு சலித்துத்தான் பங்க் இசையே பிறந்தது என்று சொல்லப்படும் காலத்தில், பங்க் குழு வைத்திருந்தவர்கள் இந்த ஈடுபாட்டை வெளியே சொல்லிக்கொள்வது அத்தனை எளிதாக இருந்திருக்காது.

1983இல் அவர்கள் அதை உரக்கவே சொல்லிவிட்டார்கள். 'இன்டு தி அன்நோன்' என்ற இரண்டாவது ஆல்பத்தில் எட்டே பாடல்கள். சின்தசைசர், பியானோ, அகௌஸ்டிக் கிதார். ஏழு நிமிடம் நீளும், நான்கு பகுதிகளாகப் பிரிந்த ஒரு பாடல் வேறு. பதிவு நடந்துகொண்டிருந்தபோதே பென்ட்லி குழுவிலிருந்து விலகிவிட்டார். முதல் ஆல்பத்தை வாங்கிக் கொண்டாடிய ரசிகர்கள் இதைக் கையால் தொடவில்லை. அச்சிட்ட தட்டுகளில் பெரும்பகுதி கடைகளிலிருந்து திரும்பி வந்தது. குழு கலைந்தது. நெடுங்காலம் அந்த ஆல்பத்தை அவர்களே மறு அச்சுக்கு விடவில்லை. முப்பதாம் ஆண்டையொட்டி 2010இல் வெளியான இசைத்தட்டுப் பெட்டியில்தான் அது மீண்டும் இடம்பெற்றது.

பெரும்பாலான கட்டுரைகள் இதை ஒரு வழிதவறலாகச் சித்திரித்து, இரண்டே வரியில் கடந்துவிடுகின்றன. நான் அதை ஏற்கவில்லை. அந்த ஆல்பத்தை இன்று பொறுமையாகக் கேட்டால், பின்னாளைய பேட் ரிலிஜன் பாடல்களின் எலும்புக்கூடு அப்படியே அதில் தெரிகிறது: பல்லவியில் குரல்கள் அடுக்கப்படும் விதம், மெட்டு ஒரு படி ஏறி இரண்டு படி இறங்கும் பாங்கு, வரியின் இறுதி உயிரெழுத்தை நீட்டி நிறுத்தும் கிராஃபினின் பழக்கம். இல்லாதது வேகம் ஒன்றுதான். சரக்கு சரியாகவே இருந்தது. ஏற்றிச் சென்ற வண்டிதான் வேறாக இருந்தது.

அடுத்த சில ஆண்டுகள் சிதறலான காலம். 1985இல் 'பேக் டு த நோன்' என்ற சிறு தட்டு வந்தது. தலைப்பே ரசிகர்களுக்குச் சொன்ன சமாதானம் போலத்தான் இருக்கிறது. சர்க்கிள் ஜெர்க்ஸ் குழுவின் கிதார் கலைஞர் கிரெக் ஹெட்சன் அதில் வாசித்தார். குரெவிட்ஸ் போதைப் பழக்கத்தில் சிக்கி, அதிலிருந்து மீண்டு, ஒலிப்பதிவுத் தொழிலைக் கற்று, வெஸ்ட்பீச் என்ற பதிவுக் கூடத்தை நடத்திக்கொண்டிருந்தார். கிராஃபின் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் நிலவியலில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார். பழைய நண்பர்கள் மறுபடியும் கூடி, அந்த வெஸ்ட்பீச் கூடத்திலேயே பதிவுசெய்து 1988இல் வெளியிட்டதுதான் 'சஃபர்'.

இந்த ஆல்பத்தை ஹெட்போன் வைத்துக் கேட்டுப் பாருங்கள். டிரம்ஸ் மூச்சுவிடாமல் ஓடுகிறது. கிதார்கள் கீழ்நோக்கிய வீச்சாக ஒரே சீராக அறைந்துகொண்டே போகின்றன. ஆனால் கிராஃபினின் குரல் அந்த ஓட்டத்தோடு ஓடுவதில்லை. அது ஏறத்தாழ பாதி வேகத்தில், நீண்ட சுரங்களில், தேவாலயத்தில் சேர்ந்து பாடும் துதிப்பாடல் போல நகர்கிறது. தாளம் துரித காலத்தில் பறக்க, பாடகர் முதல் காலத்தில் நின்று பாடுவதைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது உடனே பிடிபடும். பல்லவி வந்ததும் பின்னால் இரண்டு குரல்கள் 'ஊ', 'ஆ' என்று மேலும் கீழும் விரிகின்றன. குழுவினரே அதற்கு 'ஊசின் ஆஸ்' என்று ஒரு செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். டிரம்ஸை மனத்தால் நீக்கிவிட்டுக் கேட்டால், மிஞ்சுவது ஓர் அமெரிக்க நாட்டுப்பாடல். இது என் கற்பனையன்று. கிராஃபின் 2006இல் பழைய அமெரிக்க நாட்டுப்பாடல்களையும் அதே சாயலில் தாம் எழுதியவற்றையும் சேர்த்து 'கோல்ட் ஆஸ் த கிளே' என்ற தனி ஆல்பம் வெளியிட்டபோது, குரலையோ பாடும் முறையையோ அவர் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இசையை அவையும் ஆள்கின்றன. 1989இல் வந்த 'நோ கண்ட்ரோல்' ஆல்பத்தின் தலைப்புப் பாடலில், பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் பூமியின் வயதைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற வாக்கியம், தொடக்கத்தின் சுவடும் இல்லை, முடிவின் அறிகுறியும் இல்லை என்பது, அப்படியே எடுத்தாளப்படுகிறது. பாடல் வரிகள் அச்சிடப்பட்ட தாளில், ஆய்வுக் கட்டுரையில் போல, ஹட்டனின் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் தரப்பட்டிருக்கின்றன. இரண்டு நிமிடம்கூட ஓடாத ஒரு பங்க் பாட்டுக்கு மேற்கோள் சான்று! கிராஃபின் பின்னாளில், 2003இல், பரிணாம உயிரியலாளர்களின் சமயக் கருத்துகளை ஆராய்ந்து கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். இப்படிப்பட்ட பல அசைச் சொற்கள் நிரம்பிய வரிகளைக் கத்திப் பாட முடியாது. கத்தினால் சொல் சிதைந்துவிடும். தெளிவாக உச்சரித்து, மெட்டாகவே பாடியாக வேண்டும். அவர்களுடைய பாடல்களில் மெட்டு முன்னால் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

புரோகிரெசிவ் ராக் பாசம் போய்விடவில்லை என்பதற்கும் நேரடிச் சான்று உண்டு. 1990இல் 'அகெய்ன்ஸ்ட் த கிரெய்ன்' ஆல்பத்தில் வந்து, 1994இல் மறுபதிவும் ஆன அவர்களுடைய மிகப் பிரபலமான பாடல் 'ட்வென்டி ஃபர்ஸ்ட் சென்சுரி டிஜிட்டல் பாய்'. அந்தத் தலைப்பு, கிங் கிரிம்சன் குழு 1969இல் வெளியிட்ட 'ட்வென்டி ஃபர்ஸ்ட் சென்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்' என்ற பாடலின் எதிரொலி; அந்தப் பாடலின் சொற்களையும் இது எடுத்தாள்கிறது. புரோகிரெசிவ் ராக்கின் உச்சிகளில் ஒன்றாகக் கருதப்படும் ஒரு பாடலுக்கு, பங்க் ரசிகர்கள் முஷ்டி உயர்த்திப் பாடும் ஒரு பாட்டுக்குள் மரியாதை செய்திருக்கிறார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் விற்காமல் திரும்பி வந்த அதே காதல்தான், இம்முறை வேறு உடையில்.

இதன் பின் நடந்தவை பரவலாகத் தெரிந்தவை. எபிடாஃப் நிறுவனம் 1994இல் வெளியிட்ட ஆஃப்ஸ்பிரிங் குழுவின் 'ஸ்மாஷ்' ஒரு கோடிக்கு மேல் விற்றது. பேட் ரிலிஜனோ அதற்கு முன்பே அட்லாண்டிக் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போயிருந்தது. குரெவிட்ஸ் 1994இல் குழுவைவிட்டு விலகினார். மைனர் திரெட் குழுவிலிருந்த பிரையன் பேக்கர் வந்து சேர்ந்தார். அந்த இடைக்கால ஆல்பங்களில் 1996இன் 'த கிரே ரேஸ்' எனக்குப் பிடித்தது. மற்றவை அவ்வளவாக மனத்தில் நிற்கவில்லை. 2000இல் வந்த 'த நியூ அமெரிக்கா' ஆல்பத்தைத் தயாரித்தவர் யார் தெரியுமா? சிறு வயதில் கிராஃபின் போற்றிய அதே டாட் ரண்ட்கிரன்தான். ஆல்பம் முழுமையாக ஈர்க்கவில்லை என்றாலும், அட்டையில் அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் நெகிழ்ந்துவிடுகிறது.

குரெவிட்ஸ் திரும்பி வந்ததும், 2002இல் எபிடாஃப் வழியாகவே 'த பிராசஸ் ஆஃப் பிலீஃப்' வெளியானது. அதில் 'சாரோ' என்ற பாடலைக் கட்டாயம் கேளுங்கள். ரெகே சாயலில், எதிரெடுப்பில் தட்டும் கிதாரோடு நிதானமாகத் தொடங்கி, திடீரென்று பழைய பாய்ச்சலுக்கு மாறுகிறது. உள்ளே இருப்பது விவிலியத்தின் யோபு கதை. 'கெட்ட மதம்' என்று மதமறுப்பைப் பெயரிலேயே சூடிய குழு, மனிதத் துயரத்தைப் பாட விவிலியத்திடமே போகிறது. அந்த மெட்டுக்கும் ஒரு துதிப்பாடலின் கம்பீரம் இருக்கிறது.

எல்லாப் பாடல்களும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்று கேட்டால், மேல்தோற்றத்தில் ஆம். வேகம், நீளம், கிதாரின் ஒலி ஆகியவற்றை 1988இல் கண்டுபிடித்து, 2019இல் வந்த பதினேழாவது ஆல்பமான 'ஏஜ் ஆஃப் அன்ரீசன்' வரையில் பெரிதாக மாற்றாமல் வைத்திருக்கிறார்கள். வெண்பா எழுதும் புலவர் யாப்பை மாற்றுவதில்லை. அவர் எழுதியதெல்லாம் ஒரே பாட்டு என்று நாம் சொல்வதுமில்லை. புதிதாகக் கேட்க வருபவர், முதலில் 'சஃபர்' ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, மறுநாள் 'இன்டு தி அன்நோன்' கேட்டு, பிறகு மறுபடியும் 'சஃபர்' கேட்க வேண்டும் என்பேன். இரண்டாவது முறை கேட்கும்போது டிரம்ஸைவிட அந்தப் பின்குரல்கள்தாம் முதலில் காதில் விழும்.