கல்யாணப் பணமும் ஏத்தங்காய் சிப்ஸும்

அம்மா, உங்கள் கேள்வி இதுதான்: “மெக்கானிக்கல் முடிச்ச பையன், மாமா பாத்து வச்ச கல்ஃப் வேலைக்குப் போகமாட்டேங்கான். களியக்காவிளையிலே ஏத்தங்காய் (நேந்திர வாழைக்காய்) சிப்ஸ் போட்டு கேரளாவுக்குக் குடுக்கப் போறானாம். தங்கச்சி கல்யாணத்துக்கு வச்சிருக்கிற பணத்தைக் கேக்கான். குடுக்கவா?”

பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் பையனைத் தடுக்கவும் வேண்டாம்.

கொதிக்கிற எண்ணெய் முன்னால் நிற்பதுதான் இந்தத் தொழிலின் பாடு என்று அவன் நினைத்திருப்பான். காயை நேராக எண்ணெயில் சீவி விடுவது, மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை எப்போது தெளிப்பது, சத்தம் அடங்கியதும் அரித்தெடுப்பது எல்லாம் கைப்பழக்கம். நல்ல மாஸ்டரிடம் ஒரு சீசன் நின்றால் வந்துவிடும்.

பாடு கடை வாசலில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவில், பாறசாலையானாலும் நெய்யாற்றின்கரையானாலும் புதுச் சரக்குக்கு யாரும் கையோடு காசு தருவது அபூர்வம். ‘பில் டு பில்’ என்பார்கள்: இரண்டாம் லோடு இறக்கும்போதுதான் முதல் லோடின் பணம். அதிலும் எண்ணெய் காறிப்போன பாக்கெட்டுகளை ரிட்டர்ன் என்று எடுத்துவைத்து, கழித்துக்கொண்டுதான் தருவார்கள். இந்தப் பக்கம் சந்தையில் குலைக்கு ரொக்கம், எண்ணெய்க்கு ரொக்கம், வறுக்கிறவருக்குச் சனிக்கிழமை கூலி. வாரம் 40,000 ரூபாய் செலவு என்று வையுங்கள். வசூல் மூன்று வாரம் தள்ளினால் 1,20,000 ரூபாய் கடைகளில் கிடக்கும். தாளில் லாபம் இருக்கும், சனிக்கிழமைக் கூலிக்குக் கையில் காசு இருக்காது. கல்யாணப் பணம் கரைவது இந்த இடத்தில்தான், நஷ்டத்தில்கூட அல்ல.

ஓணத்தை நம்பித்தான் அவன் கணக்குப் போட்டிருப்பான். உப்பேரியும் (ஏத்தங்காய் சிப்ஸ்) சர்க்கரை வரட்டியும் (வெல்லப்பாகு பிடித்த ஏத்தங்காய்த் துண்டு) இல்லாத ஓண இலை கிடையாது, விற்பனை குவியும், சரிதான். குலை விலையும் அதே வாரங்களில்தான் ஏறும். தண்டு, தோல், நீர்ச்சத்து போக, வாங்கிய எடையில் பாதிகூட சிப்ஸாக மிஞ்சாது. வறுக்கிற தேங்காய் எண்ணெய் விலை 2025-இல் எப்படி ஏறியது என்று உங்கள் அடுக்களைக்கே தெரியும்.

அடுத்தது எல்லை விவகாரம். தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பாறசாலைக் கடைக்கு ஒரே ஒரு பெட்டி அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனை. தொகை எவ்வளவு சிறிதானாலும் பதிவு கட்டாயம். விற்பனை இல்லாத மாதங்களுக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வேலை குறையுமே என்று காம்போசிஷன் என்கிற, சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் அதோடு கேரள விற்பனை முடிந்தது, அதில் இருப்பவர் மாநிலம் தாண்டி விற்க முடியாது. வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் (இணையத்தில் எடுக்கிற சரக்குப் போக்குவரத்துச் சீட்டு) வேண்டும். 2017-இல் செக்போஸ்ட் போனதோடு இதுவும் போய்விட்டது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அதனால் முதல் ஆறு மாதம் அவன் எண்ணெய்ச் சட்டியே வாங்க வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கிற ஒரு யூனிட்டில் சரக்கெடுத்து, தமிழ்நாட்டுப் பக்கமே இருக்கிற குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலைக் கடைகளில் தன் கையால் போடட்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு மட்டும் முதல் நாளே எடுத்துவிட வேண்டும், வாங்கி விற்பவருக்கும் அது உண்டு. எந்தக் கடை எத்தனை நாளில் காசு தந்தது, எவ்வளவு ரிட்டர்ன் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். வங்கி மேலாளர் முன் அந்த நோட்டுக்கு இருக்கிற மதிப்பு பி.இ. சான்றிதழுக்கு இல்லை.

நோட்டு தைரியம் தந்தால் நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம். புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கான மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டக் கடனில் கிராமப்பகுதிக்குப் பொதுப்பிரிவினருக்கு 25 சதவீதமும், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் போன்றோருக்கு 35 சதவீதமும் மானியம். ஒன்றை மனதில் வையுங்கள்: மானியம் கையில் வராது. வங்கியில் 3 ஆண்டு கிடந்து, தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். காசு கேட்கிற இணையதளங்களை நம்ப வேண்டாம். அந்தப் பதிவு இருந்தால், வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்ற 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணைக்கு வரும். பெரிய சூப்பர் மார்க்கெட்டிடம் அதைப் பேசலாம். பெட்டிக்கடையில் சட்டம் பேசினால் அடுத்த லோடு இறங்காது.

இத்தனை பாட்டுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். கல்ஃப் ஒப்பந்தம் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. இங்கே இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் கடைகளின் வரிசை ஒன்று அவன் பெயரில் நிற்கும், அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேருக்கு வேலை இருக்கும். குலை விளைகிற ஊர் இது, தின்கிற திருவனந்தபுரம் ஒரு மணி நேரத்தில். தோட்டக்காரரிடம் தமிழில் விலை பேசி, கடைக்காரரிடம் மலையாளத்தில் வசூல் கேட்கத் தெரிந்தவன் அவன். மெக்கானிக்கல் படித்தவன் என்பதால், சீவுகிற மெஷின் நின்றால் திருச்சூரிலிருந்து ஆள் வரக் காத்திருக்கவும் வேண்டாம். கோயம்புத்தூரிலிருந்து வந்து தொடங்குகிறவருக்கு இவை லேசில் அமையாது.

கல்யாணப் பணத்தை மகள் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டுவிடுங்கள், வீட்டுப் பத்திரத்தையும் தொட விடாதீர்கள். ஆறு மாதத்துக்குச் சாப்பாடும் வண்டிப் பெட்ரோலும் உங்கள் பொறுப்பு என்று சொல்லுங்கள். அதுவே பெரிய முதலீடு. கல்ஃப் வேலை விஷயத்தை மாமாவிடம் பையனே நேரில் போய்ச் சொல்லட்டும். நடுவில் நீங்கள் நின்று சமாதானம் பேச வேண்டாம்.