இட்லிக்கு வடைதான் சேரும்: யாப்பு கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். அசை, சீர் என்றாலே பிள்ளைகள் முகம் வாடுகிறது. எங்கே தொடங்கலாம்?

சாப்பாட்டில் தொடங்குங்கள் அம்மா. அசை என்பது சொல்லின் ஒலித்துண்டு, நேர், நிரை என்று இரண்டு வகை. அசைகள் சேர்ந்தால் சீர். ஈரசைச் சீர் நான்குக்கும் பெயர் உண்டு: இட்லி தேமா, முறுக்கு புளிமா, பாயசம் கூவிளம், அதிரசம் கருவிளம். நேரசைக்கு மேசையில் ஒரு தட்டு, நிரையசைக்குக் கைதட்டல். 'இட்', 'லி' மேசையில். 'அதி', 'ரசம்' கையில். குறில் இரண்டு இணைந்தாலும், குறிலை அடுத்து நெடில் வந்தாலும் நிரை என்ற விதியைப் பிறகு சொல்லலாம். காது முதலில் பழகட்டும்.

கேள்வி: தளையை எப்படிப் புரியவைப்பது?

ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதம்தான் தளை. வெண்பாவில் மாச்சீருக்குப் (தேமா, புளிமா) பின் நிரை, விளத்துக்கும் (கூவிளம், கருவிளம்) காய்க்கும் (நேரில் முடியும் மூவசைச் சீர்) பின் நேர். ஆகவே 'இட்லி வடை' சேரும். 'இட்லி தோசை' தளை தட்டும்! இதைக் கேட்ட வகுப்பு அடங்க வெகுநேரம் ஆகும், ஆகட்டும். என் மாணவர்கள் இப்படியே சொல் கோத்து ஒரு குறள் வெண்பா கட்டினார்கள்:

இட்லி வடையுடன் சாம்பார் இருந்தாலே
எட்டப் பறக்கும் பசி

ஏழு சீர், 'இட்' 'எட்' எதுகை, ஈற்றில் 'பசி' மலர் என்னும் ஒற்றை நிரையசைச் சீர். அன்று கரும்பலகையை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: இத்தனை கட்டுப்பாடு கற்பனையை நெரிக்காதா?

தேய்ந்த வழியைத்தான் அடைக்கும். நிரோட்டகம் என்று நம்மிடம் ஒரு பழைய வகை உண்டு. உதடு ஒட்டாமலும் குவியாமலும் பாடுவது. ப, ம, வ வரிசைகளும் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஒலிகளும் கூடாது. அம்மாவைப் பற்றி இப்படி எழுதச் சொன்னேன். 'அம்மா'வும் போச்சு, 'பாசம்', 'அன்பு' எல்லாம் போச்சு. ஒரு சிறுமி வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள்:

காற்றில் ஆடிய சேலை
கணத்தில் அன்னையின் நிழல்

'பாசம்' கையில் இருந்திருந்தால் அந்தச் சேலை அவள் கண்ணில் பட்டிருக்காது.

கேள்வி: மூன்று வரி ஜப்பானியக் கவிதையான ஹைக்கூவுக்கு, வரிக்கு 5-7-5 என்று ஒலி எண்ணச் சொல்லலாமா?

எண்ணலாம், ஆனால் ஜப்பானியக் கணக்கு வேறு. அங்கே நெடில் இரண்டாகும், தனி 'ன்'னும் ஒன்றாகும். டோக்கியோ அவர்களுக்கு நான்கு. எழுத்தெண்ணும் ஆசை இருந்தால் கட்டளைக் கலித்துறை என்ற பா வகை நம்மிடமே இருக்கிறது. ஒற்று (புள்ளி எழுத்து) நீக்கி, நேரில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17. அதைப் பத்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.