காம்ரேட்ஸ் பயிற்சியில் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி: பிசியோ சொல்லும் ‘நரம்பு நழுவல்’ பயிற்சி என்றால் என்ன?

தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் பந்தயத்தில், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் ஓடத் தயாராகும் நம்மவர்கள் பலருக்கு வரும் கேள்வி இது. இடுப்பிலிருந்து பிட்டம், பின்தொடை வழியாக இறங்கும் சயாட்டிக் நரம்பை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக் கொடுப்பதுதான் அந்தப் பயிற்சி.

காலை நீட்டி மடக்கும்போதெல்லாம் இந்த நரம்பு தசைகளுக்கு நடுவே சற்று நழுவும். முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பின் வேரை உறுத்தினால் அங்கே வீக்கம் வரும். அப்புறம் சாதாரண இழுப்புக்கே சுரீரென்று வலிக்கும். உறைக்குள் ஓடும் சைக்கிள் பிரேக் கம்பியைப் பாருங்கள்: ஒரு முனையை இழுக்கும்போது மறுமுனை விட்டுக்கொடுத்தால் ஓடும், இரண்டையும் இழுத்தால் விறைத்துக்கொள்ளும்.

இந்த நரம்பு தண்டுவடத்தோடு சேர்ந்து கழுத்துவரை தொடர்வதால்தான் இதில் கழுத்துக்கும் வேலை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கிற காலை நீட்டும்போது முகத்தை மேலே தூக்குங்கள்; மடக்கும்போது தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்குங்கள். எங்கும் நிறுத்திப் பிடிக்காமல் 10 முறை. லேசான இழுப்பு சரி. மரமரப்பு கூடினால் நீட்டுவதைக் குறையுங்கள். இது மட்டும் போதாது, வயிறு, இடுப்புத் தசைகளையும் வலுவாக்க வேண்டும். பந்தயப் பாதையில் வரும் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பலர் இந்த நரம்பு நழுவல் பயிற்சியைப் பின்தொடைத் தசையை நீட்டும் பயிற்சி என்று நினைத்து, கால்விரலை எட்டிப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் அப்படியே இருக்கிறார்கள். ஏற்கெனவே உறுத்தலில் இருக்கும் நரம்பை அது இன்னும் சீண்டும்.