சின்ன இடி, யார் மேல் தப்பு? கார் இன்சூரன்ஸ் கேள்வி பதில்

இருபது வருடம் மோட்டார் சர்வேயராக (இன்சூரன்ஸுக்காக வண்டியின் சேதத்தை மதிப்பிடுபவராக) இருந்தவன். சின்ன விபத்து, இன்சூரன்ஸ் பற்றி கேளுங்கள்.

வேளச்சேரி: சார், மேம்பால ஏற்றத்தில் சிக்னலுக்கு நின்றிருந்தேன். முன்னால் நின்ற கார் பின்னோக்கி உருண்டு வந்து என் பம்பரில் இடித்தது. இறங்கி வந்தவர் நான்தான் இடித்தேன் என்கிறார். எப்படி நிரூபிப்பது?

இந்தப் புகாரை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிரேக் அடித்துக்கொண்டே போய் இடிக்கும் காரின் மூக்கு தாழும். அதனால் அதன் பம்பரில் வழக்கத்தைவிட மேலேயும், முன் காரில் கீழேயும் அடி விழும். நீங்கள் அசையாமல் நிற்க, அவர் உருண்டு வந்து மோதினால் மூக்கு தாழாது, இரண்டு பம்பரும் அதனதன் உயரத்திலேயே சந்திக்கும். அவர் நம்பர் பிளேட்டின் போல்ட் உங்கள் பம்பரில் சின்னக் குழியாகப் பதிந்திருந்தால், அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பார்த்துவிடலாம். இதற்கெல்லாம் வண்டியை நகர்த்துவதற்கு முன் எடுத்த படம் வேண்டும். நான்கு பக்கமும், சாலையின் சரிவு தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்றும் எடுங்கள். டேஷ்கேம் இருந்தால் அந்த வீடியோ அழியும் முன் சேமித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்களிடம் ஃபுல் இன்சூரன்ஸ் (உங்கள் வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பது) இருந்தால் உங்கள் கார் கிளைமுக்கு யார் மேல் தப்பு என்ற தீர்ப்பே தேவையில்லை.

திருச்சி: பிரச்சினை முடியட்டும் என்று "தப்பு என்னுடையது, செலவை நான் தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. பெயர், வண்டி எண், இன்சூரன்ஸ் விவரம் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கோவை: பம்பர் 3,000, டிங்கர், பெயின்ட் 1,500. கிளைம் போடலாமா?

பம்பர் பிளாஸ்டிக், அதில் பாதி தேய்மானம் என்று கழிப்பார்கள். 1,500 சிசிக்குள் உள்ள காருக்கு இன்னும் 1,000 ரூபாய் உங்கள் தலையில். கையில் வருவது ஏறக்குறைய 2,000. ஆனால் கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, போய்விடும். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் 50 சதவீதம் வாங்கியவர் என்றால் அடுத்த பிரீமியத்தில் இழப்பது பெரும்பாலும் இதைவிட அதிகமாக இருக்கும். கைக்காசில் முடியுங்கள்.

மதுரை: பின்னால் இடித்தவன் மேல்தான் எப்போதும் தப்பு. சட்டமே அப்படித்தான்!

சேலம்: தப்பு. முன்னால் போனவன் காரணமில்லாமல் பிரேக் அடித்தால்?

சேலத்துக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் இரண்டையும் சொல்கின்றன: பின்னால் வருபவர் போதிய இடைவெளி விட வேண்டும், முன்னால் போகிறவர் காரணமில்லாமல் திடீர் பிரேக் போடக் கூடாது. பின்னால் வந்தவர் மேல் சந்தேகம் முதலில் விழும், அவ்வளவுதான். வழக்கு என்று போனால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் இருவருக்கும் பொறுப்பைப் பங்கு பிரிக்கலாம். "எப்போதும்" என்று நம்பி எத்தனை பேர் தங்கள் பக்க நியாயத்தைச் சொல்லாமலே விட்டிருக்கிறார்கள் தெரியுமா?

மதுரை: நடைமுறையில் யார் பார்க்கிறார்கள் சார்?

படம் இருந்தால் பார்க்கிறார்கள். மேலே வேளச்சேரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தாம்பரம்: 5,000 ரூபாய் கீறல், கிளைம் போடலாமா?

கோவைக்கு எழுதிய அதே கணக்குதான்.

ஈரோடு: எனக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும். தப்பு அவர் மேல். என் வண்டிக்கு?

தேர்ட் பார்ட்டி என்பது அடுத்தவர் இழப்புக்கு மட்டும், உங்கள் கம்பெனி உங்கள் வண்டிக்குத் தராது. அவர் கம்பெனியிடம் வாங்க மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். சில ஆயிரத்துக்காக அலைய முடியுமா என்று யோசியுங்கள்.

கடலூர்: பைக்கில் வந்தவருக்குக் காலில் அடி.

முதலில் மருத்துவமனை, உடனே போலீஸ், அப்புறம் உங்கள் கம்பெனி. அடிபட்டவரோடு பேரம் பேசி முடிக்கப் பார்க்காதீர்கள். மற்றதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

வேலூர்: கிளைமை நிராகரித்துவிட்டார்கள்.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். நிராகரிப்புக் கடிதத்தையும் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள்.